கேட்காமல் விட்ட சுகம்

லூயிவில்
6.10.1985

அன்பின் செல்வி,

அமெரிக்கா வந்து ஒரு கிழமை ஆகிறது. நான் சுகம். இது குளிரே இல்லை, இனிமேல்தான் இருக்கிறது என்று சொல்லிப் பயப்படுத்துகிறார்கள். நீர் எப்படி இருக்கிறீர்? முன்கதவுப் பூட்டு இறுகிக் கிடந்ததே, நோபேட் வந்து பார்த்தாரா?

நூலகத்தின் மேல்மாடியில் எனக்கு ஒரு மேசை தந்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ஒகையோ ஆறு. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனைக்குப் படிக்கப் போய் மகாவலியைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். இந்த ஆற்றைப் பார்த்தால் மகாவலி எங்கள் ஊர் வெள்ளவாய்க்கால் போலத்தான். இதில் ஒரு காலத்தில் ஓடிய பயணிகள் நீராவிப் படகுகளின் வரலாற்றை எழுதுவதுதான் இந்த ஒரு வருடத்துக்கு என் வேலை. பழைய படகுக் கம்பனிகளின் கடதாசிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. நூறு வருடமாக ஒருவரும் திறக்காத பெட்டிகளும் இருக்கின்றன.

உம்மை ஒக்லாந்தில் தனிய விட்டு வந்தது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் இரண்டு வருடமாக மங்கரேயில் நோபேட்டோடு நின்று விமானச் சாமான்களுக்கு லேபல் ஒட்டிய கை இது. இந்தப் புத்தகம் முடிந்தால் ஒக்லாந்தில் யாராவது கூப்பிட்டு ஒரு வகுப்பாவது தருவார்கள் என்று நம்பித்தான் வந்தேன். உமக்கு அது தெரியும்.

இரவில் சோறும் பருப்பும். புளி கரைக்க இன்னும் கை வரவில்லை.

உம்முடைய எழுத்துக்குக் காத்திருக்கும்,
மகேசன்


மவுண்ட் ஆல்பர்ட்
4.11.1985

அன்புள்ள அத்தானுக்கு,

பூட்டுச் சரி. நோபேட் அண்ணை எண்ணெய் விட்டுத் தந்தவர். நான் சுகம். சுகத்துக்கு மேலையும் ஒரு சங்கதி இருக்கு. அதை எப்பிடி எழுதுறது எண்டு தெரியாமல் ரெண்டு நாளாக் கடிதத்தைத் தள்ளிப் போட்டிட்டன்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு, ஆஸ்பத்திரி லாப்பில என்ரை சாம்பிளை நானே வைச்சுப் பார்த்தன். எத்தினை பொம்பிளையளுக்கு இந்த ரெஸ்ட் செய்திருப்பன்! என்ரை முடிவை நம்பாமல் இன்னொருக்காச் செய்தன். அதே முடிவுதான்.

ஓம், அத்தான். எட்டு வருசமா நாங்கள் காத்திருந்தது, நீங்கள் பிளேன் ஏறின பிறகு வந்திருக்கு. ஜூன் மாதம் எண்டு டொக்டர் சொல்லுறார்.

நோபேட் அண்ணையின்ரை மனுசி மாகிரட்டுக்கு மட்டும் சொன்னன். "மாதாவே!" எண்டு தெருவில வைச்சே கட்டிப்பிடிச்சா. இனி நோபேட் அண்ணை காரில கூட்டிக்கொண்டு போய் விடுவார், நீ பஸ்ஸுக்கு ஓடக்கூடாது எண்டு சட்டம் போட்டிட்டா. மன்னாரில ஆறு பேரோடை பிறந்தவ, அவவுக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்கு இன்னும் எழுதேல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச் சேருறதே பெரும்பாடு. கொஞ்சம் பொறுத்து எழுதுவம்.

பின்பக்கத்துச் சின்ன அறையின்ரை ஜன்னலைத் திறந்து விட்டிருக்கிறன். அதில நல்ல வெயில் விழுது. இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கடை,
செல்வி


லூயிவில்
15.11.1985

என் அன்பின் செல்வி,

நூலகத்தில் சத்தம் போடக்கூடாது. உம்முடைய கடிதத்தோடு ஆற்றங்கரைக்கு ஓடிப்போய் அங்கே நின்று தனியே சிரித்தேன். நாயோடு வந்த கிழவர் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். "எனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது" என்றேன். மனிதர் தொப்பியைக் கழற்றினார்!

நீர் சுகமா? பிள்ளை சுகமா? சாப்பாடு வயிற்றில் நிற்கிறதா?

உமக்கு ஒரு கதை சொல்லவேண்டும். இந்த ஆற்றில் இறங்கிய முதல் நீராவிப் படகு 1811இல் வந்தது. படகைக் கட்டியவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் நிறைமாதம். "உனக்குப் பைத்தியமா, இந்தக் கொதிக்கிற பானையில் அவளை ஏற்றுகிறாயே" என்று ஊரே அவரைத் திட்டியது. அவள் ஏறிவிட்டாள். அந்த நாட்களில் வானத்தில் ஒரு பெரிய வால்வெள்ளி. படகு இந்த லூயிவில்லுக்கு வந்து சேர்ந்தது இரவில். நீராவியைத் திறந்துவிட்ட சத்தத்தில், வால்வெள்ளிதான் ஆற்றில் விழுந்துவிட்டது என்று சனம் படுக்கையை விட்டு எழும்பி ஓடியதாம். இங்கே ஆற்றில் ஒரு பாறைச் சரிவு. தண்ணீர் போதாமல் படகு அதைத் தாண்ட முடியவில்லை. காத்து நின்ற இடத்தில், இதே ஊரில், அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிறகு மழை பெய்து ஆறு ஏறிய பிறகுதான் அவர்கள் புறப்பட்டார்கள்.

இதைப் போன மாதம் வாசித்தபோது ஒரு குறிப்பு எடுத்து வைத்தேன். இப்போது வாசித்தால் எழுத்து மங்குகிறது.

ஜூன் முதல் கிழமை நான் அங்கே நிற்பேன். எழுதியே தருகிறேன். பிள்ளையைக் கவனமாகப் பாரும். அதோடு அதன் தாயையும்.

மகேசன்


மவுண்ட் ஆல்பர்ட்
19.1.1986

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் ரெண்டு பேரும் சுகம். உங்கடை இருமல் எப்பிடி? மாகிரட் தந்த மல்லியும் திப்பிலியும் பார்சலில அனுப்பினன், வந்ததோ?

இங்கை நல்ல வெயில். எதிர் வீட்டுக்காரர் கூடாரமும் கட்டிக்கொண்டு கடலுக்குப் போயிட்டினம். தெருவே வெறிச்சோடிப் போய்க் கிடக்கு. ரயில் போகேக்கை வீடு அதிர, பிள்ளை உதைக்குது. நான் பொய் சொல்லேல்லை. பின்னேர ரயிலுக்கு எண்டால் கட்டாயம் ஒரு உதை.

அந்த முதல் படகில வந்த மனுசியைப் பற்றி யோசிச்சுக்கொண்டே இருக்கிறன். அவவுக்கு ஆர் பிள்ளைப்பேறு பார்த்தது? பக்கத்தில தாய், சகோதரம் ஆரும் இருந்தவையோ? படகைப் பற்றி இவ்வளவு எழுதினியள், அதை எழுதேல்லை.

அம்மாவின்ரை கடிதம் வந்தது. எழுதி ஒரு மாதம். சந்தோசத்தில பாதி, பயத்தில பாதி. அங்கை கரண்ட் இல்லையாம், மத்தியானமே சமைச்சு வைச்சிடுவினமாம். "உன்ரை மனுசன் பக்கத்தில இருக்கிறார்தானே" எண்டு கேட்டிருக்கிறா. நீங்கள் அமெரிக்காவில எண்டு நான் இன்னும் அவவுக்கு எழுதேல்லை.

அத்தான், ஈஸ்டருக்கு ஒருக்கா வந்திட்டுப் போக ஏலாதோ? சும்மா கேட்டன். ஏலாது எண்டால் பரவாயில்லை.

செல்வி


லூயிவில்
1.2.1986

அன்பின் செல்வி,

பிள்ளை இன்றைக்கு உதைத்ததா? காலையில் எழும்பியதும் நான் நினைப்பது அதைத்தான். திப்பிலி வந்தது. இருமல் பாதியாகிவிட்டது.

நீர் கேட்டதைத் தேடினேன். நான் பார்த்த புத்தகங்கள் ஒன்றிலும் அது இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஈஸ்டருக்கு வர முடியாது, செல்வி. ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் என் அத்தியாயத்தை வாசிக்கவேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கீழ்த்தட்டுப் பயணிகளைப் பற்றிய அத்தியாயம். மேலே அறைகளில் இருந்தவர்களுக்கு வெள்ளை மேசைவிரிப்பு, வாத்தியம், நடனம். கீழே பொயிலருக்குப் பக்கத்தில், மூட்டைகளுக்கும் மாடுகளுக்கும் நடுவில், புதிதாக நாட்டுக்கு வந்து இறங்கிய குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே அடுப்பு. முறை வைத்துச் சமைப்பார்கள். வழியில் படகு நிற்கும்போது இறங்கி விறகு சுமந்தால் கட்டணத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது நேரம் போவதே தெரிவதில்லை.

ஜூன் என்றால் ஜூன். பிள்ளைக்குச் சொல்லி வையும், அப்பா வருகிறார் என்று. தொட்டிலுக்கு நோபேட்டிடம் சொல்லிவிடாதேயும், அதை நான் வந்து வாங்குகிறேன். கால் வீங்கினால் உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திரும். பிள்ளை உதைப்பதையெல்லாம் மறக்காமல் எழுதும்.

மகேசன்


மவுண்ட் ஆல்பர்ட்
24.3.1986

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதச் சுணங்கிப் போச்சு. குறை நினைக்காதேங்கோ. கொஞ்ச நாள் லீவில நிண்டு இப்ப திரும்ப வேலைக்குப் போறன். லாப்பில புது மெசின் ஒண்டு வந்திருக்கு. அதைப் பழகிறதில நாள் போகுது.

பக்கத்து வீட்டு எலுமிச்சை வேலிக்கு இஞ்சாலை சாஞ்சு நிறையக் காய்ச்சிருக்கு. எடுக்கச் சொன்னவை. ஊறுகாய் போட்டன். சாப்பிடத்தான் ஆளில்லை.

மழை தொடங்கியிட்டுது. பின் அறை ஜன்னலால தண்ணி அடிக்குது எண்டு பூட்டிவிட்டன்.

உங்கடை கூட்டம் நல்லா நடக்கட்டும்.

செல்வி


லூயிவில்
5.4.1986

அன்பின் செல்வி,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் சுகம். உடம்பைக் கவனமாகப் பாரும்.

கூட்டம் நடந்தது. நல்லது என்றார்கள். இப்போது சக்கரங்களைப் பற்றி எழுதுகிறேன். கடலில் ஓடும் கப்பல் ஆழமாக அமிழ்ந்து போகும். இந்த ஆற்றில் கோடையில் தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிடும். அதனால் படகின் அடிப்பக்கத்தைத் தட்டையாக, தாம்பாளம் போலக் கட்டினார்கள். துடுப்புச் சக்கரத்தை முதலில் இரண்டு பக்கமும் வைத்தார்கள். பிறகு பின்னால் ஒன்றாக வைத்தார்கள். பின்னால் வைத்தால் மிதந்து வரும் மரக்கட்டைகளில் அடிபடாது. ஒரு பலகை உடைந்தாலும் படகை நிறுத்தாமல் ஓடலாம். உடைந்ததைக் கரைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். இதைப் பற்றி ஒரு கைவினைஞன் எழுதிய குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. மிகவும் நுட்பமானவை.

இன்னும் எழுதலாம். நேரம் போய்விட்டது. எலுமிச்சை ஊறுகாய் என்று வாசித்ததும் வாயூறியது.

மகேசன்


மவுண்ட் ஆல்பர்ட்
20.4.1986

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். அங்கையும் சுகம்தானே?

இங்கை எல்லாரும் வால்வெள்ளி பார்க்கிறதில நிக்கினம். எழுபத்தைஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வாறதாம். மாகிரட்டும் பிள்ளையளும் மலை ஏறிப் பார்த்திட்டு வந்தவை. "துடைச்ச கண்ணாடியில விட்ட அழுக்கு மாதிரி இருந்தது" எண்டு சொல்லிச் சிரிச்சா. என்னையும் கூப்பிட்டவ. நான் போகேல்லை.

வேறை விசேசம் ஒண்டும் இல்லை.

செல்வி


லூயிவில்
12.5.1986

அன்பின் செல்வி,

சுகமாக இருக்கிறீரா? இரவில் நித்திரை வருகிறதா?

இங்கே மே மாதத்தில் இரண்டு பழைய நீராவிப் படகுகளை ஆற்றில் போட்டிக்கு விடுகிறார்கள். ஊர் முழுக்கக் கரையில். படகின் மேல்தட்டில் நீராவியால் ஊதும் ஒரு வாத்தியம் இருக்கிறது. மைல் கணக்கில் கேட்கும். தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நூலகத்துக்கு வந்தேன். விடுமுறை என்று பூட்டியிருந்தது. அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

ரயில்பாதை போட்ட பிறகு பயணிகள் இந்தப் படகுகளை விட்டுப் போய்விட்டார்கள். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். சில படகுகள் கடைசி வருடங்களில் தபாலையும் பஞ்சுப் பொதிகளையும் மட்டும் ஏற்றிக்கொண்டு, விளக்குகளைக் கொளுத்திக்கொண்டு, ஆளில்லாமல் ஓடியிருக்கின்றன.

உமக்கு ஒன்று எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். அது பிறகு.

மகேசன்


மவுண்ட் ஆல்பர்ட்
10.6.1986

அத்தான்,

உங்கடை சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்கவேணும். இந்த முறை மனம் வரேல்லை.

டொக்டர் சொன்ன கிழமை இது. பிள்ளை பெப்ரவரியிலயே போயிட்டுது. நான்தான் உங்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறன் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். கடிதம் எழுத இருக்கிற நேரமெல்லாம் இண்டைக்கு எழுதிடுவம் எண்டு நினைப்பன். எழுதினால் எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வந்திடுவார், பிறகு வாழ்நாள் முழுக்க லேபல் ஒட்டப்போறார் எண்டு நினைப்பன். அதோடை இன்னொண்டும் இருந்தது. உங்கடை பழைய கடிதங்களில அது இன்னும் உதைச்சுக்கொண்டு இருந்தது. அங்கையாவது இருக்கட்டும் எண்டு விட்டன்.

"பிள்ளை எப்பிடி?" எண்டு நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தால் அந்த நிமிசமே சொல்லியிருப்பன். முந்தி ஒரு கடிதத்தில நாலு இடத்தில கேட்ட மனிசன், பிறகு ஒருக்காலும் கேக்கேல்லை. படகு மயக்கத்தில எங்களை மறந்துபோனார் எண்டு கோபப்பட்டன். வீட்டில எனக்கு அந்தக் கோபம்தான் துணை.

போன ஞாயிறு மாகிரட் வீட்டில சாப்பாடு. நோபேட் அண்ணை தன்ரை பாட்டுக்குச் சொன்னார், "அண்டைக்கு ரெலிபோனில சொல்லேக்கை மகேசன் அழுத அழுகை, தங்கச்சி, இப்பவும் காதுக்குள்ளை நிக்குது" எண்டு. மாகிரட் அவரைப் பார்த்த பார்வையில மனுசன் கோப்பையைக் கீழை வைச்சிட்டார். "என்ன, செல்விக்குத் தெரியாதே?" எண்டார்.

எனக்குத் தெரியாது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

அப்ப, நடந்ததையும் கேளுங்கோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுப்பில கறி. இடுப்பு வலிச்சது. கொஞ்சம் இருந்தால் சரியாகும் எண்டு கதிரையில இருந்தன். பிறகு ரத்தம். மாகிரட் காரில கொண்டு போனா. சிவப்பு விளக்கிலயும் அவ நிக்கேல்லை. எண்டாலும் ஒண்டும் செய்யேலாமல் போச்சு. பொம்பிளைப்பிள்ளை. நேர்ஸ் வெள்ளைத் துவாயில சுத்திக் கையில தந்தா. உங்கடை நெத்தி, அத்தான். அந்த மேடு அப்பிடியே இருந்தது. கொஞ்ச நேரத்தால "எடுக்கட்டோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டு குடுத்திட்டன். எங்கை கொண்டு போகினம் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. பிறகு வேலைக்குப் போனதும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். ஒவ்வொரு நாளும் அதே வாசல்.

நீங்கள் நோபேட் அண்ணையோடை அழுதிருக்கிறியள். எனக்குத் துடுப்புச் சக்கரம் எழுதினியள்.

வரச் சொல்லி இதை எழுதேல்லை. வரவேண்டாம் எண்டும் எழுதேல்லை.

செல்வநாயகி


லூயிவில்
21.6.1986

செல்வி,

நீர் எழுதியதெல்லாம் உண்மை.

"அவவே உமக்கு எழுதுறாவாம், அதுவரை நீர் ஒன்றும் கேளாதேயும்" என்று நோபேட் அன்று சொன்னார். நான் காத்திருந்தேன். பிறகு உம்முடைய கடிதம் வந்தது. எலுமிச்சம்பழம் இருந்தது, அது இல்லை. அதை வாசித்து முடித்தபோது எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. எழுதக் கை கூசுகிறது. நீர் சொல்லாதவரை நான் வராமல் இருக்கலாம், கேளாதவரை எனக்கும் அது நடக்கவில்லை என்று இருக்கலாம். அந்த ஆறுதலில்தான் சக்கரத்தைப் பற்றி எழுதினேன்.

மேசையில் இருந்தால் வேலை நகர்ந்தது. வெளியே இறங்கினால் அந்தத் தொப்பிக் கிழவர் வந்து, பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்பார் என்று பயந்து வேறு தெருவால் நடந்தேன். இத்தனை மாதமாக இந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், நான் தகப்பனாகப் போகிறேன் என்று. நேற்றுப் பேராசிரியரிடம் போய் ஒக்லாந்துக்கு, மனைவியிடம் போகவேண்டும் என்றேன். "உங்களுக்கு மனைவி இருக்கிறாரா?" என்று கேட்டார்.

ரிக்கற் எடுத்துவிட்டேன். ஜூலை ஐந்தாம் திகதி காலை வந்து இறங்குகிறேன். வரட்டுமா என்று உம்மைக் கேட்கவில்லை. கேட்டால், பதில் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு இங்கேயே இருந்துவிடக்கூடிய ஆள் நான். நீர் எயார்போட்டுக்கு வரவேண்டாம். பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திறந்தால் போதும்.

மகேசன்


மவுண்ட் ஆல்பர்ட்
22.8.1986

அன்புள்ள அத்தானுக்கு,

திரும்பிப் போய்ச் சேர்ந்திட்டன் எண்டு நீங்கள் எழுதின கடிதம் நேற்றுத்தான் கிடைச்சது. அங்கை வெக்கை எண்டு எழுதியிருக்கிறியள். இங்கை உடுப்புக் காயுதில்லை. நான் சுகம். சுகம் எண்டு எழுதினால் இந்த முறை அது உண்மைதான், ஓரளவுக்கு.

புத்தகத்தில இருந்த மிச்சத்தை முடிச்சிட்டு வாங்கோ எண்டு நான் சொன்னது மனமாரத்தான். வீணா யோசிக்காதேங்கோ.

நீங்கள் நிண்ட மூண்டு கிழமையும் நாங்கள் அதிகம் கதைக்கேல்லை. முதல் சில நாள் சோத்தைப் போட்டு வைச்சிட்டு நான் அறைக்குள்ளை போய்ப் படுத்தன். நீங்கள் பகலில எங்கை போறியள் எண்டும் கேக்கேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனியள் எண்டு பிறகு மாகிரட்தான் சொன்னா. ஒரு கந்தோரில கேக்க மற்றக் கந்தோருக்குப் போகச் சொன்னவையாம், அங்கை போக நாளைக்கு வரச் சொன்னவையாம். "நான் பழைய கடதாசி தேடுற ஆள், எனக்குப் பொறுமை இருக்கு" எண்டு சொல்லிக் கதிரையில இருந்தியளாம். பிறகு ஒரு நாள் அடுக்களை வாசலில வந்து நிண்டியள். "செல்வி, பிள்ளை இருக்கிற இடம் தெரியும். வாறீரோ?" எண்டு கேட்டியள். அடுப்பை அணைச்சனோ எண்டும் பார்க்காமல் வந்தன்.

கிளென் ஈடனில ரயிலால இறங்கிச் சவக்காலைக்கு மழைக்குள்ளை நடந்தம். அந்தப் பக்கம் முழுக்கக் குழந்தையள். கல்லு ஒண்டும் இல்லை, புல்லுத்தான். நீங்கள் ஈரத்தில அப்பிடியே இருந்தியள். அங்கை வைச்சுத்தான் முதல் தரம் என்னைக் கேட்டியள், "அவ எப்பிடி இருந்தவ?" எண்டு. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தியள்.

இண்டைக்கு லீவு எடுத்துத் தனியப் போனன். புல்லு வெட்டியிருந்தவை. கொஞ்ச நேரம் நிண்டிட்டு ரயில் ஏறினன். பக்கத்தில ஒரு வயசான வெள்ளைக்கார மனுசி ஸ்வெற்றர் பின்னிக்கொண்டு வந்தா. பேத்திக்காம். அளவு காட்டினா. பிறகு, "உனக்குப் பிள்ளையள் இருக்கோ?" எண்டு கேட்டா. எத்தினையோ பேர் கேட்டிருக்கினம். எப்பவும் இல்லை எண்டுதான் சொல்லுறனான்.

"ஒரு மகள் இருந்தவ. செத்துப்போனா" எண்டன்.

அவ பின்னினதை மடியில வைச்சா. மவுண்ட் ஆல்பர்ட் வரும்வரைக்கும் ரெண்டு பேரும் ஜன்னலால வெளியில பார்த்துக்கொண்டு வந்தம். நான் எழும்பேக்கை என்ரை கையைப் பிடிச்சு ஒருக்கா அழுத்தினா.

வீட்டுக்கு வந்தவுடன, சப்பாத்தும் கழட்டாமல், இதை எழுதுறன்.

உங்கடை,
செல்வி